கேட்டு வாங்கும் கடன்: உள்ளாட்சிக் கடன் பத்திரமும் ஊரார் ஒப்புதலும்

(தருமபுரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சிக் கணக்கு வழக்குகளோடு பல ஆண்டுகள் பழகியவன் நான். ரசீதுப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, வரிக் கேட்புப் பதிவேடு என்று எத்தனையோ ஏடுகளைப் புரட்டியிருக்கிறேன். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு எனக்கு வழிகாட்டியது அந்த ஏடுகளில் எதுவும் இல்லை. இந்த மாவட்டத்துப் பெண்கள் வைத்திருந்த ஒரு தீர்மான நோட்டுதான் வழிகாட்டியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேப்பமரத்தடித் தீர்மானம்

1989-இல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் தருமபுரி. இன்று தமிழகம் முழுக்கப் பரவியிருக்கும் மகளிர் திட்டத்துக்கு நாற்றங்கால் நம் மண். இதை நாம் போதுமான அளவு சொல்லிக்கொள்வதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாலக்கோடு பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அப்படியொரு குழுவின் கூட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பொழுது சாய்ந்த நேரம். வேப்பமரத்தடியில் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தகரப்பெட்டி, பக்கத்தில் நீளவாட்டு நோட்டு. ஒரு பெண் ஆடு வாங்க இரண்டாயிரம் ரூபாய் கடன் கேட்டார்.

"தழை எங்க ஒடிப்ப?" என்று ஒருவர் கேட்டார். "மழ பேஞ்சு கூலி இல்லாத வாரத்துல தவணைக்கு என்ன பண்ணுவ?" என்றார் இன்னொருவர். "போன கடன்ல இன்னும் மூணு தவணை நிக்குது, அத முதல்ல சொல்லு" என்றார் குழுவை நடத்திய ஊக்குநர். கேட்ட பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் மூத்த பெண் ஒருவர், "ரெண்டு ஆடு வேணாம் தங்கச்சி. இப்போதிக்கு ஒண்ணு வாங்கு. அது குட்டி போட்டதும் மறுபடி கேளு, நாங்களே தர்றோம்" என்றார். ஆயிரம் ரூபாய் என்று தீர்மானமாயிற்று. நோட்டை எல்லாரும் கை மாற்றிக் கை மாற்றிக் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். கடன் வாங்கியவர் ஒருவர். தவணை தவறினால் அந்தப் பாரம் தங்கள் சேமிப்பின் மேல் வந்து விழும் என்பது பதினைந்து பேருக்கும் தெரிந்திருந்தது.

எதற்காக, எவ்வளவு, எத்தனை நாளில், எதிலிருந்து கட்டுவது, தவறினால் என்ன ஆகும். இந்த ஐந்து கேள்விகளும் கேட்கப்பட்டு, விடை கிடைத்து, கட்டப்போகிறவர்கள் ஒப்பிய பிறகே பெட்டியிலிருந்து பணம் வெளியே வந்தது. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான். ஓர் ஊர் கடன் வாங்குவதென்றாலும் அந்த வேப்பமரத்தடியில் நடந்தது நடக்க வேண்டும்.

ஊர் வாங்கும் கடன்

சாக்கடை, குடிநீர்க் குழாய், பேருந்து நிலையம், சந்தைக் கட்டடம் போன்றவை முப்பது நாற்பது ஆண்டுகள் நிற்பவை. அவற்றின் முழுச் செலவையும் இந்த ஆண்டு வரிப்பணத்தில் எடுக்க எந்த நகராட்சியாலும் முடியாது. எடுக்க முடிந்தாலும், நாளைக்கு அனுபவிக்கப்போகிறவர்களின் பங்கையும் இன்றைக்கு இருப்பவர்களே சுமப்பது நியாயம் ஆகாது. ஆகவே கடன் வாங்கிக் கட்டி, பயன் தரும் காலம் முழுக்கத் தவணையாக அடைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்தக் கடனை ஒரே வங்கியிடம் கேட்காமல், சிறு சிறு பங்குகளாகப் பத்திரம் எழுதிப் பலரிடம் விற்பதுதான் உள்ளாட்சிக் கடன் பத்திரம்.

இந்தியாவில் 1997-இல் பெங்களூரு மாநகராட்சி மாநில அரசின் உத்தரவாதத்தோடு 125 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. 1998-இல் அகமதாபாத் மாநகராட்சி அரசின் உத்தரவாதம் இல்லாமல், தன் வரி வருவாயையே பிணையாகக் காட்டி 100 கோடி திரட்டியது. தமிழ்நாட்டில் மதுரை மாநகராட்சி 2001-இல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றது. அந்தச் சாலையில் வசூலாகும் சுங்கக் கட்டணமே அதை அடைக்கும் வழியாக வைக்கப்பட்டது.

மதுரையைப் போன்ற பெரிய ஊர் தனித்து நின்று பத்திரம் விற்கலாம். நம் பேரூராட்சிகள் என்ன செய்ய முடியும்? இதற்கும் தமிழ்நாடே நாட்டுக்கு வழி காட்டியது. 2003-இல் பத்துக்கும் மேற்பட்ட சிறு உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளை ஒன்றாகத் திரட்டி, அவற்றின் சார்பில் ஒரு கூட்டு நிதியம் ஏறத்தாழ 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. தனித்தனியாகப் போயிருந்தால் சந்தையில் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சேர்ந்து போனதால் பணம் கிடைத்தது. கர்நாடகம் 2005-இல் பெங்களூரைச் சுற்றியுள்ள எட்டு ஊர்களுக்கு இதே வழியில் 100 கோடி திரட்டியது. ஒரு பெண்ணுக்குக் கொடுக்கத் தயங்கும் வங்கி பதினைந்து பேர் சேர்ந்த குழுவுக்குக் கொடுக்கிறதே, அதே தத்துவம்தான் இங்கும் நடந்தது.

2015-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, உள்ளாட்சிப் பத்திரங்களுக்கென்று தனி விதிகளை வகுத்தது. திரட்டிய பணத்தைச் சொன்ன பணிக்கு மட்டுமே செலவிட வேண்டும், கணக்குகளைத் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் வந்தன. 2023-இல் இந்தூர் மாநகராட்சி, தன் குடிநீரேற்று நிலையத்துக்கு மின்சாரம் தரும் சூரிய ஒளி ஆலைக்காக 244 கோடி ரூபாய்ப் பத்திரத்தைப் பொதுமக்களே நேரடியாக வாங்கும்படி வெளியிட்டது. 2025-இல் பெருநகர சென்னை மாநகராட்சியும் 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டுத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது.

இத்தனை வளர்ச்சியிலும் ஒரு குறை அப்படியே இருக்கிறது. பத்திரத்தை வாங்குகிறவரின் நலனைக் காக்க விதிகள் இருக்கின்றன. தரமதிப்பீடு இருக்கிறது, தனிக் கணக்கு இருக்கிறது. பல ஆண்டுகள் வரியாகவும் கட்டணமாகவும் அதைக் கட்டப்போகிற குடிமக்களைக் கேட்க மட்டும் விதி இல்லை. மன்றம் தீர்மானம் போடுகிறது, உள்ளாட்சிக் கடன்களுக்கான 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அரசு அனுமதி தருகிறது. அதோடு முடிந்தது. வீட்டுக்காரருக்கு அது வரிக் கேட்பு நோட்டீஸாக வரும்போதுதான் தெரிகிறது. 2022-இல் தமிழ்நாடு முழுக்கச் சொத்துவரி உயர்ந்தபோது தெருவில் எழுந்த மனக்குறையை நினைத்துப் பாருங்கள். தொகையைப் பற்றிய குறை ஒரு பக்கம் இருந்தது. "எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்பதே அதைவிட உரக்கக் கேட்டது.

கேட்கிற நாடுகள்

அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரு நகரமோ பள்ளி மாவட்டமோ வரியைப் பிணையாக வைத்துக் கடன் வாங்க வேண்டுமென்றால், அந்தப் பகுதி வாக்காளர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். கலிஃபோர்னியாவில் உள்ளாட்சிக் கடன் பத்திரத்துக்குப் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. பள்ளிகளுக்கான பத்திரத்துக்கு 2000-இல் நிறைவேறிய 39-ஆம் முன்மொழிவு அதை 55 விழுக்காடாகக் குறைத்தது. அந்தச் சலுகைக்கு ஈடாக மூன்று கடமைகளை அது சுமத்தியது. எந்தெந்தப் பணிகள் என்று முன்கூட்டியே பட்டியல் தர வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும். பொதுமக்களைக் கொண்ட ஒரு கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். சுவிட்சர்லாந்தின் மாநிலங்களிலும், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட புதுச் செலவு மக்கள் வாக்குக்குப் போகும் வழக்கம் இருக்கிறது.

ஆலந்தூர் கேட்டது

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் அன்று தனி நகராட்சி. 1996-இல் அதன் தலைவரான ஆர்.எஸ்.பாரதி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தார். திட்ட மதிப்பு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். அதில் கணிசமான பகுதியை மக்களே முன்வைப்புத் தொகையாகத் தர வேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய். அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் என்பது பல குடும்பங்களுக்கு ஒரு மாத வருமானத்துக்கும் மேல்.

அத்தொகையை எடுத்த எடுப்பில் யாரும் தந்துவிடவில்லை. தெருத் தெருவாகக் கூட்டம் நடந்தது. குடியிருப்போர் சங்கங்களோடு பேச்சு நடந்தது. திட்டம் எது, கட்டணம் எவ்வளவு, பணம் எந்தக் கணக்கில் இருக்கும் என்பதெல்லாம் விளக்கப்பட்டன. குழி தோண்டும் முன்பே மக்கள் பணம் கட்டினார்கள். வாக்குச்சீட்டு அச்சிடாமலே நடந்த வாக்கெடுப்பு அது. ஒரு குடும்பம் தன் பணத்தைக் கொண்டுவந்து கட்டுவதைவிட உறுதியான "ஆம்" வேறு ஏது? மீதிக்குக் கடனும் மானியமும் வந்தன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் முதலீட்டில் கட்டினார்கள். இந்திய நகர நிதி பற்றிய பாடங்களில் ஆலந்தூர் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

ஏழை எளியவர்கள் எதற்கும் பணம் தர மாட்டார்கள், கேட்டால் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள் என்று அதிகாரிகள் சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்கு ஆலந்தூரே பதில். மரியாதையாகக் கேட்டால், முழுக் கணக்கையும் காட்டினால், மக்கள் கொடுக்கிறார்கள்.

தருமபுரிக்கு ஏன்?

நம் மாவட்டத்தின் மிகப் பெரிய பொதுப்பணி கடனில்தான் எழுந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008 மார்ச்சில் ஜப்பான் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. திட்ட மதிப்பு 1,928 கோடி ரூபாய். 2013-இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஃபுளோரைடு கலந்த நீரால் பழுப்புக் கோடு விழுந்த பற்களோடு வளர்ந்த ஒரு தலைமுறை இந்த அவையிலேயே இருக்கிறது. முட்டி வளைந்து, இடுப்பு நிமிராத பெரியவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கடன் வாங்கியது சரி. ஆயினும் அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற எத்தனை பேருக்கு, அது திருப்பிக் கட்டவேண்டிய பணத்தில் வந்தது என்பது தெரியும்? தெரிந்திருந்தால், குழாய் உடைந்து தண்ணீர் வீணாகும்போது "நம் பணம் போகிறது" என்று கேள்வி எழுந்திருக்கும்.

காவிரியின் உபரிநீரை நம் ஏரிகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. அதற்காகக் கையெழுத்து இயக்கம் நடந்தது. 2024 அக்டோபரில் அரைநாள் கடையடைப்பும் நடந்தது. அந்த உணர்வை வணங்குகிறேன். ஆனால் கோரிக்கைக் கையெழுத்துக்கும் கடன் வாக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோரிக்கையில் "எங்களுக்கு வேண்டும்" என்கிறோம். கடன் வாக்கில் "வேண்டும், இத்தனை ஆண்டுகள் இவ்வளவு நாங்களும் கட்டுகிறோம்" என்கிறோம். இரண்டாவதைச் சொல்லும் ஊருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை தானாக வந்துவிடுகிறது.

எப்படி நடத்துவது?

கடன் வாக்கெடுப்புக்கு நம் நாட்டில் இன்று சட்டம் இல்லை. மன்றம் தானாக முன்வந்து நடத்தும் கருத்தறி வாக்கெடுப்பாக இதைத் தொடங்கலாம். வாக்கு முடிவை ஏற்று மன்றம் தீர்மானம் போடலாம், பிறகு அரசின் அனுமதிக்கு அனுப்பலாம். தடுக்கும் விதி எதையும் நான் காணவில்லை.

முதற்படி, ஒரே தாளில் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு நகராட்சி 10 கோடி ரூபாயை 8 விழுக்காடு வட்டிக்கு 15 ஆண்டுக் கடனாக வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தவணை ஏறத்தாழ 1 கோடியே 17 லட்சம். 15 ஆண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ பதினேழரைக் கோடி கட்டுவோம். ஊரில் 15,000 வரிவிதிப்புகள் இருந்தால், ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரி 780 ரூபாய், அதாவது மாதம் 65 ரூபாய். இந்த ஐந்து வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுங்கள். 65 ரூபாய் என்றால் எல்லாருக்கும் புரியும். பதினேழரைக் கோடி என்பதையும் மறைக்காதீர்கள். மறைத்து வாங்கிய ஒப்புதல் தவணை வரும் நாளில் கோபமாகத் திரும்பும்.

இரண்டாவது, பேச இடம். நகரில் வார்டுக் குழுவும் ஏரியா சபையும் இருக்கின்றன. நம் மாவட்டத்தின் 251 ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. முதல் கூட்டத்தில் கணக்குத் தாளை வாசிக்கட்டும். அடுத்த கூட்டத்தில் கேள்விகளுக்குப் பொறியாளரும் செயலரும் பதில் சொல்லட்டும். "ரெண்டு வேணாம், ஒண்ணு வாங்கு" என்று சொல்லக்கூடிய மூத்த பெண்மணி ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். அவர் சொன்ன பிறகு திட்டத்தைத் திருத்த மூன்று மாதமாவது இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது, வாக்கு. 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் 100 பேர் வந்தால் கிராம சபைக்குக் குறைவெண் நிறைவாகிவிடும். பதினைந்து ஆண்டுச் சுமையைச் சுமத்த அந்த எண்ணிக்கை போதாது. வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் ரகசியமாக வாக்களிக்க வேண்டும். வீட்டு வரி கட்டுபவர் மட்டும் என்று சொல்லக் கூடாது. வாடகைக்கு இருப்பவரும் வாடகையின் வழியே வரி கட்டுகிறார். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்பும் காலம் பொங்கல். வாக்கெடுப்பை அந்த நாட்களை ஒட்டி வையுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலை ஒட்டி வைக்காதீர்கள். கட்சிச் சூட்டில் கணக்குத் தாளைப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

நான்காவது, வாக்குக்குப் பின். கடன் பணம் வேறு எதிலும் கலக்காத தனிக் கணக்கில் இருக்கட்டும். பணி நடக்கும் இடத்தில் வாங்கியது, செலவானது, மிச்சம் என்று மூன்று வரிப் பலகை வையுங்கள். மகளிர் குழுக் கூட்டமைப்பிலிருந்தும் இளைஞர்களிலிருந்தும் ஒரு கண்காணிப்புக் குழு அமையட்டும். தவணை முடியும் ஆண்டில் "கடன் தீர்ந்தது" என்று ஊரறிய அறிவியுங்கள்.

வாக்குக்கு விடக் கூடாதவை

இந்த யோசனையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மை தவறியவனாவேன். பெரும்பான்மை வாக்கு சிறுபான்மையின் உரிமையை விழுங்கிவிடலாம். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் உள்ள சிற்றூர்களுக்குப் பாதை வேண்டுமா என்று கீழ்நாட்டுக்காரர்களிடம் வாக்கெடுத்தால், எண்ணிக்கையில் மலையூர்க்காரர்கள் தோற்பார்கள். சேரிக்குக் குடிநீர் போக வேண்டுமா என்று ஊரைக் கேட்கும் அவலம் ஒருநாளும் நேரக் கூடாது. நல்ல தண்ணீரும் பாதையும் பள்ளியும் சுடுகாட்டு வழியும் உரிமைகள். அவற்றை அரசு தன் பொது நிதியிலிருந்து செய்து தந்தாக வேண்டும். வாக்குக்கு விடத்தக்கவை அதற்கு மேற்பட்ட பொதுப்பணிகள், அவற்றின் அளவு, எது முதலில் எது பிறகு என்ற வரிசை, கட்டும் வழி ஆகியவை மட்டுமே.

வரிச்சுமையும் ஒரே சீராக விழக் கூடாது. குடிசைக்கும் மூன்று மாடிக் கடைக்கும் 65 ரூபாய் என்றால் அது அநியாயம். சராசரி 65 ரூபாய் என்றால் குடிசைக்கு ஒன்றுமில்லாமலும், பெருங்கடைக்குப் பல மடங்காகவும் இருக்க வேண்டும். அந்தப் பகிர்வும் கணக்குத் தாளில் அச்சாகி இருக்க வேண்டும்.

நிறைவாக

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊராட்சியின், பேரூராட்சியின், நகராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வரி எவ்வளவு வருகிறது, நிலுவை எவ்வளவு, ஏற்கெனவே உள்ள கடனுக்குத் தவணை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அதை எழுந்து நின்று வாசியுங்கள். வாக்கெடுப்பு ஒருநாள் வரும்போது வரட்டும். அதற்கு வேண்டிய முதல் தாளை நீங்கள் இந்த மாதமே எழுதிவிடலாம்.

அந்த வேப்பமரத்தடிப் பெண் ஆயிரம் ரூபாயில் ஓர் ஆடு வாங்கினார். அடுத்த ஆண்டு நான் அந்தப் பக்கம் போனபோது குட்டிகளோடு நின்றிருந்தார். தவணை முடிந்து, மறு கடன் கேட்டிருந்தார். நோட்டில் அந்த மறு கடன் தீர்மானத்தின் கீழும் பதினைந்து கையெழுத்தும் ரேகையும் இருந்தன. ஒன்றும் விடுபடவில்லை. நம் நகராட்சியின் கடன் தீர்மானத்தின் கீழ் ஊர் முழுவதன் ஒப்புதலும் அப்படி இருக்கும் நாளைக் காண விரும்புகிறேன்.